எழுபத்திரண்டு கிலோ மணல்

மண் பந்தயத் தடத்தில் அவரைக் ‘கோணல்’ என்றே எல்லோரும் அழைத்தார்கள். வயதில் சிறியவர்கள் மட்டும் மரியாதைக்கு ஓர் ‘அண்ணன்’ சேர்த்துக்கொண்டார்கள். வாரத்தின் ஐந்து நாட்களும் அவர் தம் பட்டறையில் ஊரார் கார்களின் முன்சக்கரங்களை நேராக்கிக் கொடுத்தார். சனிக்கிழமைப் பந்தயத்துக்காக ஒரே ஒரு காரின் முன்சக்கரங்களைத் திட்டமிட்டுக் கோணலாக்கினார். பெயர் வந்த வழி அதுதான்.

தடம் ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்தது. முட்டை வடிவ மண் வளையம். சுற்று ஒன்றுக்கு அறுநூறு மீட்டர். கார்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். லாரியில் ஏற்றும்போது தவிர, வலப்பக்கம் திரும்ப வேண்டிய தேவை அந்தக் கார்களுக்கு ஆயுளில் வருவதில்லை. ஆகவே முன்சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கமாகத் தலை சாய்த்து நிற்கும்படி அமைக்கப்படும். புதிதாகப் பார்ப்பவர், எங்கோ மோதிவிட்டு வந்த வண்டி என்றுதான் நினைப்பார்.

அவர் அமைத்த கோணங்கள் பல. அவற்றுள் அவருடைய வாழ்க்கையோடு பிணைந்துவிட்டது ஒன்று: காஸ்டர். சைக்கிளின் முன்கவை செங்குத்தாக இல்லாமல் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் போல, காரின் முன்சக்கரம் திரும்பும் அச்சும் பின்சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு கூடினால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு ஓடும். ஆனால் ஸ்டீயரிங் கனக்கும். குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகும், வண்டி அலைபாயும். வலச் சக்கரத்தின் சாய்வு இடச் சக்கரத்தினுடையதைவிட இரண்டு பாகை கூடுதலாக இருந்தால், வண்டி தானாகவே இடப்பக்கம் இழுக்கும். அவர்கள் ஓட்டிய பிரிவில் பவர் ஸ்டீயரிங்குக்கு அனுமதி இல்லை. ஓட்டுபவரின் தோளும் முன்கையும்தான் எல்லாம்.

இந்த அளவுகளையெல்லாம் அவர் கட்டம் போட்ட கெட்டி அட்டை நோட்டுகளில் எழுதி வைத்தார். பக்கத்துக்கு ஒரு பந்தயம். இடது, வலது எனத் தனித்தனிப் பத்திகள். கடைசியில் ‘குறிப்பு’ என்றொரு கட்டம். இருபது ஆண்டுகளில் ஒன்பது நோட்டுகள் சேர்ந்தன. அடித்தல் திருத்தல் அநேகமாக இல்லை.

காரை ஓட்டியவன் அவருடைய மனைவியின் தம்பி. வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பது அவன் தொழில். பந்தயம் முடிந்து இறங்கும்போது கண்ணும் பல்லும் மட்டுமே தெரியும் என்பதால் ‘புழுதி’ என்று பெயர். மனைவி வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் வைத்திருந்தார். திரைச்சீலை, இருக்கை உறை, பள்ளிச் சீருடை எதுவானாலும் தைப்பார். அக்காவுக்கும் தம்பிக்கும் பன்னிரண்டு வயது இடைவெளி. அவனைத் தூக்கி வளர்த்த இடுப்பு இன்னும் வலிக்கிறது என்று அவன் முன்னாலேயே சொல்வது மனைவியின் வழக்கம்.

காரின் கோணங்களை ஓட்டுபவர் இருக்கையில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஆள் அமர்ந்தால் வில்சுருள் அமுங்கும். அமுங்கினால் எல்லா அளவும் மாறும். ஆனால் வியாழன் மாலை மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரப் புழுதிக்குப் பொறுமை இல்லை. எனவே அவனுக்குப் பதிலாக மணல் மூட்டைகள் என்று முடிவாயிற்று. புழுதியைத் தராசில் நிறுத்தினார், எழுபத்திரண்டு கிலோ. பழைய கூடாரத் துணியைக் கொண்டுவந்து மனைவியின் மேசைமேல் போட்டார்.

“என் தம்பியை மூட்டையாக் கட்டச் சொல்றீங்களா?”

“மூட்டை அவனைவிட நல்லது. எதிர்த்துப் பேசாது.”

புழுதி வாசலில் நின்று சிரித்தான். “அக்கா, தலைக்கு ஒரு சின்னப் பை தனியாத் தைச்சுப் போடு.”

“உன் தலைக்கு எதுக்குடா மணலு? காத்தடிச்சாப் போதும்.”

மூன்று பைகள் தயாராயின. இருக்கைக்கு நாற்பத்தைந்து கிலோ, முதுகுக்குப் பதினைந்து, காலடிக்குப் பன்னிரண்டு. சலித்துக் காயவைத்த மணலை நிரப்பிய பிறகு, ஒரு பொட்டுகூடச் சிந்தாதபடி வாய்களை இரட்டைத் தையலிட்டு மூடினார் மனைவி. அன்றிலிருந்து மாதத்தின் முதல் திங்களன்று அந்த மூட்டைகளை எடை போட்டுச் சரிபார்ப்பது கோணலின் வழக்கமாயிற்று. எட்டாம் நோட்டிலும் ஒன்பதாம் நோட்டிலும் அந்தப் பதிவு ஒரு மாதமும் விடுபடவில்லை. எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு.

ஒன்பதாம் நோட்டின் கடைசிப் பருவம் மார்ச்சில் தொடங்கியது. வலது ஐந்து பாகை, இடது மூன்று. இரண்டாம் பந்தயம் முடிந்து இறங்கிய புழுதி, கையுறையைக் கழற்றாமலே, ஓரமாகக் கிடந்த மாற்றுச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“மாமா, ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு.”

“கல்லா? போன வருஷம் இதே வண்டியை ஒத்தக் கையில ஓட்டுறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சியே, மாப்ளே?”

“அது போன வருஷம். இப்ப எதையோ இறுக்கி வெச்சிருக்கீங்க.”

மறுவாரம் அவர் முன்பகுதியை முழுவதுமாகப் பிரித்தார். மூட்டுகளை மாற்றினார், கிரீஸ் வைத்தார், ஸ்டீயரிங் தண்டு வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். எங்கும் பழுதில்லை. சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல்கை பொருந்தும் இடத்தில் இருந்த தகட்டுத் துண்டுகளை மாற்றி, இரு பக்கமும் அரை பாகை குறைத்தார். “இப்பத் தேவலை, மாமா” என்றான் புழுதி. குறிப்புக் கட்டத்தில் ‘சரியாயிற்று’ என்று எழுதினார்.

அடுத்த மாதம் மீண்டும் கனத்தது. மீண்டும் அரை பாகை. மே மாதம் நான்கும் இரண்டும். ஜூனில் மூன்றரையும் ஒன்றரையும். ஜூலையில் மூன்றும் ஒன்றும். சாய்வு குறையக் குறைய வண்டி அலைபாய வேண்டும். அது நேராதபடி சக்கரங்களின் விரிவை மாற்றினார், அதிர்வு தாங்கிகளை மாற்றினார், கீழ்க்கையின் நீளத்தைக்கூட மாற்றினார். அவர் கைத்திறன் உச்சத்தில் இருந்த ஐந்து மாதங்கள் அவை. மே மாதத்தில் புழுதி மூன்றாவதாக வந்தான். பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்ன கோணல், இதைப் பச்சப் புள்ளகூட ஓட்டும் போலிருக்கே!” என்றார். அதைப் பாராட்டு என்றே கோணல் எடுத்துக்கொண்டார்.

ஜூனில் தடத்தின் எடைச் சோதனையில் அவர்கள் கார் மாட்டியது. பந்தயம் முடிந்த கையோடு, ஓட்டுபவர் உள்ளே இருக்க, கார் குறைந்தது தொள்ளாயிரம் கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. பட்டறையில் மூட்டைகளோடு நிறுத்தபோது தொள்ளாயிரத்து மூன்று. தடத்தின் தராசு எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு என்றது. ஒன்பது கிலோ குறைவு. அன்றைய இடம் ரத்து.

“உங்க தராசு பொய் சொல்லுது” என்றார் அவர்.

எடை பார்க்கும் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “மத்த பத்தொன்பது வண்டிக்கும் உண்மை பேசுற தராசு, உங்களைக் கண்டதும் பொய் பேசுதா? உங்க மேல அதுக்கு என்னங்க கோபம்?” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜன்னல் வலைக்குப் பின்னால் இருந்த புழுதியும் சிரித்தான். “காலையில நான் சாப்பிடலை மாமா, அதான் குறையுது” என்றான்.

அவர் வேடிக்கையாக விடவில்லை. திங்களன்று தம் தராசைச் சோதித்தார். மூட்டைகளை வைத்தார், எழுபத்திரண்டு. தம் தராசு சரி என்று நிரூபணமானதால், தவறு மற்றதில் இருக்க வேண்டும். நாற்பத்தோராம் பக்கத்துக் குறிப்பு இது: ‘அவர்கள் தராசு ஒன்பது கிலோ குறைத்துக் காட்டுகிறது. இடப்பக்கச் சட்டத்தில் பத்து கிலோ ஈயம் சேர்த்தேன்.’

இருக்கைக்கு ஒரு சாண் தள்ளி ஈயக் கட்டி ஏறியது.

ஜூலையில் ஒரு காலை, மனைவி புழுதியின் பந்தய உடுப்பை மடியில் வைத்துத் தையல் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இவன் இளைச்சிட்டானா? இடுப்புல மூணு இஞ்ச் பிடிக்கச் சொல்றான்.”

“துணி தளர்ந்திருக்கும்.”

“துணி எனக்குத் தெரியாதா? டேப் வெச்சுப் பார்த்தேன். முகமும் ஒரு மாதிரி இருக்கு. வாராவாரம் நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியலையா?”

“எழுபத்திரண்டு கிலோ” என்றார் அவர். “நோட்டுல இருக்கு. சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காதே.”

அவர் பொய் சொல்லவில்லை. நோட்டில் அப்படித்தான் இருந்தது. மனைவி ஊசியில் நூல் கோத்து இடுப்பில் மூன்று அங்குலம் பிடித்தார்.

ஆகஸ்டில் தடத்தின் தராசு எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது காட்டியது. ஈயத்தோடு பட்டறையில் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் எழுதினார்: ‘அவர்கள் தராசு இப்போது பதினான்கு கிலோ குறைத்துக் காட்டுகிறது. மேலும் ஐந்து கிலோ ஈயம்.’

செப்டம்பரில் ஒரு வீட்டின் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாயைத் திருகிக்கொண்டிருந்த புழுதி எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டார்தான் மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தகவல் சொன்னார்கள். கணையத்தில் கட்டி என்று மூன்றாம் நாள் தெரிந்தது. மருத்துவர் நோட்டுப் பலகையில் பேனாவை ஊன்றிக்கொண்டு கணவன் மனைவி இருவரையும் பார்த்துக் கேட்டார்:

“எப்பலேர்ந்து உடம்பு இளைக்குது?”

“இப்பத்தான் டாக்டர்” என்றார் மனைவி. “கொஞ்ச நாளாத்தான்.”

 கோணலின் மனத்துக்குள் கழித்தல் நடந்துகொண்டிருந்தது. எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கிலிருந்து வெறும் காரின் எடை போனால் அறுபத்து மூன்று. எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதிலிருந்து காரும் ஈயமும் போனால் ஐம்பத்தெட்டு. தடத்தின் தராசு ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

“ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா அறுவை பண்ணியிருக்கலாம்” என்றார் மருத்துவர்.

மனைவி சுவரில் சாய்ந்துகொண்டார். அந்த நடைபாதையில்தான் கோணலுக்கு இனிச் சுமக்க வேண்டியது எது என்று தெரிந்தது. இரண்டு மூன்று மாதங்கள் முன்பே அது தம் கையெழுத்தில் இருந்தது என்பதை மனைவியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் இருபத்தாறு ஆண்டு வாழ்க்கை நிற்குமா என்று தெரியாது. சொல்லாவிட்டால் அதே வீட்டில், அதே மேசையில், அந்த முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

சாவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு மதியம், புழுதியிடம் மட்டும் கேட்டார். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

“ஏண்டா மாப்ளே, கையில தெம்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

புழுதி கூரையைப் பார்த்தான். “முதல்ல பயந்தேன் மாமா. மார்ச்சுல தோளே தூக்க முடியலை. அப்புறம் நீங்க ஸ்டீயரிங்கை லேசாக்கிட்டே போனீங்களா… ஒவ்வொரு வாரமும் சுலபமா ஓட்டினேனா…” மூச்சு வாங்கியது. “நான் தேறிட்டு வர்றேன்னு நினைச்சிட்டேன்.”

அவர் எழுந்து, தண்ணீர்க் குவளையை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தார். மறுபடி இருந்த இடத்துக்கே நகர்த்தினார்.

நவம்பர் முதல் வாரத்தில் புழுதி இறந்தான். ஒன்பதாம் நோட்டில் அதற்குப் பின் எதுவும் எழுதப்படவில்லை. இருபத்தேழு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.

ஓராண்டுக்கு மேல் கார் தார்ப்பாய்க்குள் நின்றது. ஐந்து நாளும் ஊரார் சக்கரங்களை நேராக்கினார். சனிக்கிழமைகளில் பட்டறையைக் கழுவிவிட்டார். மூட்டைகள் இருக்கையிலேயே கிடந்தன. வீட்டில் மனைவி அவரிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. “இவரு வாராவாரம் கூடவே இருந்து பார்த்துக்கிட்டார், இவருக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?” என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்வார். ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வெற்றிலைக்கோ சிகரெட்டுக்கோ போகிறார் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். அவருக்கு இரண்டு பழக்கமும் கிடையாது.

காரை வெளியே எடுக்கச் சொன்னவரும் மனைவிதான். “துருப்பிடிச்சு நிக்கிறதுக்கா அவன் அவ்வளவு பாடுபட்டான்? ஓட்டுறவங்க கையில குடுங்க.” பேருந்து ஓட்டும் ஒருவர் கேட்டு வந்தார், நல்ல உருவம், எண்பது கிலோ. மூட்டைகளில் எட்டுக் கிலோ மணல் சேர்க்க வேண்டும். அதற்கு வாய்த் தையலைப் பிரிக்க வேண்டும். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். கை வரவில்லை. கடைசியில் மூன்றையும் தள்ளுவண்டியில் வைத்து முன்னறைக்குக் கொண்டுபோனார்.

மனைவி விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சின்னக் கத்தரியால் முதல் முடிச்சை அறுத்தார்.

“இதுல அவன் எழுபத்திரண்டு. கடைசியில எவ்வளவு இருந்தான்?”

“ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப அம்பத்தஞ்சு.”

“அது எனக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மனைவி நம்பியிருப்பார். அவர் பட்டறைக்குப் போனார். ஒன்பதாம் நோட்டை எடுத்து வந்து, நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, தையல் இயந்திரத்தின் தட்டில் வைத்தார். மனைவி படித்து முடித்ததும் ஐம்பத்திரண்டைத் திருப்பிக் காட்டினார். மருத்துவமனை நடைபாதையில் செய்த கழித்தலையும் சொன்னார். ஜூனில் அறுபத்து மூன்று, ஆகஸ்டில் ஐம்பத்தெட்டு.

மனைவியின் விரல் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டே போனது. காஸ்டர் பத்தியில் நின்றது.

“இது என்ன, குறைஞ்சிட்டே வருது?”

“அச்சோட சாய்வு. அது குறைஞ்சா ஓட்டுறவனுக்குக் கை நோகாது.”

“அப்ப அவனுக்குக் கை நொந்திருக்கு.”

“ஆமா.”

“மார்ச்சுலேர்ந்து.”

“ஆமா.”

முன்னறைக்கு வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி, தைக்கக் கொடுத்த சீருடை ஆயிற்றா என்று குரல் கொடுத்தார்கள். மனைவி எழுந்து போய், மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்து, பொத்தான் ஒன்று கூடுதலாக வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“டேப் மூணு இஞ்ச்னு சொல்லுச்சு” என்றார். “இருபது வருஷமா அந்த டேப்புலதான் ஊருக்கே தைக்கிறேன். அன்னைக்கு அதை நம்பலை. உங்க எழுபத்திரண்டை நம்பினேன்.”

கத்தும் குரலில் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். துணியின் அளவைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

அதன்பின் மூன்று வாரங்கள் வீட்டில் தேவைக்குமேல் பேச்சில்லை. ‘சாப்பாடு மேசையில இருக்கு’, ‘தண்ணி வரலை’, ‘கதவைச் சாத்துங்க’. மனைவி முன்னறையிலேயே படுத்துக்கொண்டார். அவர் விளக்கம் எதுவும் சொல்ல முயலவில்லை. சொல்வதற்கு இருந்ததெல்லாம் நோட்டிலேயே இருந்தது.

நான்காம் திங்களன்று காலை பட்டறைக் கதவைத் திறந்தபோது மனைவி பின்னாலேயே வந்தார். கையில் மூன்று பைகள், காலியாக, துவைத்து மடித்தவை. அவற்றைக் காரின் முன்மூடிமேல் வைத்தார். வாய்களில் தையல் இல்லை. ஒவ்வொன்றிலும் சுற்றுப்பட்டி வைத்து, உள்ளே கனத்த கயிறு கோத்து, இழுத்துக் கட்டவும் அவிழ்க்கவும் தோதாக முனையில் முடிச்சிட்டிருந்தது.

“இனிமே மூடித் தைக்க மாட்டேன். முதல்ல ஆளை நிறுத்துங்க, ஒவ்வொரு வாரமும். அப்புறம் மணலை அள்ளுங்க.”

“சரி.”

“குறைஞ்சா வண்டியைத் தொடாதீங்க. என்னன்னு அந்த ஆளைக் கேளுங்க.”

“சரிம்மா.”

மனைவி திரும்பி நடந்தார். பழைய மணல் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அன்று பகல் புது மணல் வாங்கி வந்து, தாமே சலித்து, பட்டறை வாசலில் சாக்கு விரித்துக் காயவைத்தார்.

வியாழக்கிழமை பேருந்து ஓட்டுநர் வந்தார். காரில் ஏறப் போனவரைத் தடுத்து, முதலில் தராசில் ஏறி நிற்கச் சொன்னார்.

“போன மாசம்தானே அண்ணே எடை சொன்னேன்? என்னைக் கறிக்கடைக்கா அனுப்பப் போறீங்க?”

“ஏறி நில்லுங்க” என்றார் அவர். “செருப்பைக் கழட்டிட்டு.”

பத்தாம் நோட்டின் முதல் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி கோடு போடப்பட்டிருக்கிறது, மற்ற எல்லாவற்றுக்கும் இடப்பக்கத்தில். தலைப்பு ‘ஆள்’. அதன் கீழ் எண்பது கிலோ நானூறு கிராம் என்று எழுதியிருக்கிறது. அதை எழுதிய பிறகே அவர் சக்கரத்தின் பக்கம் குனிந்தார்.